மன்னாரில் பணி ஏற்கும் இளம் வைத்தியருக்கு: காய்ச்சலும் பெருங்குடலும்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் சிலரிடம் முதன்முதலில் காய்ச்சலாகவே தலைகாட்டும். மலத்தில் குருதி போயிருக்காது. வயிற்றில் கட்டி தட்டுப்படாது. உடம்பும் மெலிந்திருக்காது. இருதய வால்வில் ஒரு தொற்று, ஈரலில் ஒரு சீழ்க்கட்டி, காயம் எதுவுமில்லாமல் தொடையில் பரவும் வாயு அழுகல், முள்ளந்தண்டில் ஆறாத வலி என்று வேறெங்கோ அது தன் தடத்தை விட்டுச் செல்லும். வார்டில் மருந்து ஏறும், காய்ச்சல் இறங்கும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடலில் உள்ள கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற ஓர் இடத்தில் தொழிலைத் தொடங்கும் இளம் வைத்தியர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கிருமி எந்த வாசலால் உள்ளே வந்தது? டயக்னோசிஸ் கார்ட் எழுதும் நேரத்தில் அதற்குப் பதில் கிடைத்திருக்கவேண்டும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அந்தக் கார்டிலேயே எழுதியிருக்கவேண்டும்.

இந்தத் தொடர்பு வைத்தியத்துக்குப் புதிதல்ல. 1951இல் மக்கோய், மேசன் என்ற இருவர், இருதய உட்சவ்வுத் தொற்றோடு வந்த ஒரு நோயாளியின் பெருங்குடலில், எஸ் வடிவ வளைவுப் பகுதியில் புற்றுநோய் இருந்ததை அமெரிக்காவின் அலபாமா மாநில மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் எழுதினர். தற்செயல் என்று தாண்டிப் போகக்கூடிய ஒற்றைச் செய்திதான் அது. 1977இல் கிளைனும் அவரோடு பணியாற்றியவர்களும் எண்ணிப் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் உள்ள 63 பேரில் 35 பேரின் மலத்தில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போவிஸ் என்ற பக்டீரியா வளர்ந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 105 பேரில் 11 பேரிடம்தான் அது இருந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்தக் கிருமி குருதியில் வளர்ந்து, பெருங்குடலும் ஆராயப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையான முளையோ இருந்தது தெரியவந்தது. ஒரு பரிசோதனைக்கூட அறிக்கையின் ஒற்றை வரி இவ்வளவு பெரிய சந்தேகத்தைக் கையில் தருவது வைத்தியத்தில் அரிது.

அந்த வரியை வாசிப்பதில்தான் வழுக்கல். கிருமியின் பெயர் காலத்தோடு மாறியிருக்கிறது. பழைய போவிஸ் என்ற பெயருக்குள் இருந்தவை இப்போது பல இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. புற்றுநோயோடு நெருங்கிய உறவுள்ளது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கலோலிட்டிகஸ் என்ற இனம். சில அறிக்கைகள் ‘போவிஸ் குழு’ என்று மட்டும் சொல்லும், சில ‘டி குழு ஸ்ட்ரெப்டோகொக்கஸ்’ என்று நின்றுவிடும். அறிக்கையைக் கோவையில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமல், நுண்ணுயிரியல் வைத்தியருக்கு ஒரு தொலைபேசி எடுத்து எந்த இனம் என்று கேட்பது நன்று. அந்த அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். இருதய வால்வில் தொற்று இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி பெரும்பாலும் நான்கு கிழமைக்கோ அதற்கு மேலோ ஓடும். அந்தக் கிழமைகளுக்குள் கொலொனோஸ்கோபிக்கு நாள் எடுத்துவிடலாம். வீட்டுக்குப் போன பிறகு, அதுவும் சுகமாகிப் போன பிறகு, குடலைக் கமரா விட்டுப் பார்க்க வா என்றால் எந்த மீனவர் தொழிலை விட்டு வருவார்?

கிருமி உள்ளே நுழையும் வழி எளிமையானது. ஆரோக்கியமான குடற்சுவர் கோடானுகோடி பக்டீரியாக்களை வெளியே நிறுத்திவைக்கும் வேலி. கட்டி வளர்ந்து மேற்பரப்பு புண்ணாகும் இடத்தில் வேலி பிய்ந்துவிடும். அங்கிருந்து கிருமி குடலின் நாளங்களுக்குள் கசிந்து, வாயில் நாளம் வழியாக ஈரலுக்குப் போகும். ஈரல்தான் முதல் வடி. வடியில் சிக்கியது சீழ்க்கட்டியாகும். சிக்காமல் தப்பியது பொதுக் குருதியோட்டத்தில் கலந்து வால்விலோ முள்ளந்தண்டிலோ போய் ஒட்டும். குளோஸ்ட்ரிடியம் செப்டிகம் என்ற, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளரும் பக்டீரியா இதன் கொடிய உதாரணம். அது குருதியில் வளர்ந்தாலோ, அடிபடாத காலில் தோலின் கீழ் காற்று நொறுநொறுத்தாலோ, உடலில் எங்கோ புற்றுநோய் இருக்கிறதா என்று தேடவேண்டும் என அல்பேர்ன், டவல் என்ற இருவர் 1969இலேயே எழுதினர். பெருங்குடலும் குருதிப் புற்றுநோயும் அங்கே முதற் சந்தேகங்கள். அந்த நோயாளியைக் காப்பாற்றக் கிடைப்பது மணித்தியாலங்கள்தான். சத்திரசிகிச்சை நிபுணரை எழுப்புவதற்கு விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

ஈரல் சீழ்க்கட்டி மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சொந்த விடயம், அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். பனை நிற்கும் வடக்கில் கள்ளுக் குடிக்கும் ஆண்களிடம் அமீபா ஈரல் சீழ்க்கட்டி நெடுங்காலமாகக் காணப்படும் நோய். யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் கடந்த பத்தாண்டில் இதை ஒழுங்காக ஆராய்ந்தனர். சீழில் என்டமீபா ஹிஸ்டொலிட்டிகா இருப்பதை மூலக்கூற்றுப் பரிசோதனையால் உறுதிப்படுத்தியதோடு, நோய்க்கும் உள்ளூர் மதுவுக்கும் உள்ள தொடர்பையும் வெளியிட்டனர். ஆகவே வலது விலாவின் கீழ் வலியும் காய்ச்சலுமாக வரும் ஐம்பது வயதுக் கள்ளுக் குடியரைக் கண்டதும் வார்டில் எல்லோருக்கும் விடை தெரிந்துவிடும்: அமீபா, மெட்ரோனிடசோல், ஸ்கான் செய்து ஊசியால் சீழை எடு. பெரும்பாலும் அந்த விடை சரியாகவே இருக்கும். சரியாக இருப்பதால்தான் ஆபத்து. பத்துப் பேருக்குப் பொருந்திய விடையைப் பதினோராவது ஆளுக்கும் கேள்வி இல்லாமல் போட்டுவிடுவது மனித இயல்பு.

எடுத்த சீழைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவதே அந்த இயல்புக்கு மாற்று. அமீபாச் சீழ் வழக்கமான வளர்ப்பில் எதையும் வளர்க்காது. கிளெப்சியெல்லா நியுமோனியே வளர்ந்தால் கதை வேறு: பித்தக்கல் உண்டா, நீரிழிவு உண்டா என்று பார்க்கவேண்டும். இரண்டாலும் முழுதாக விளங்காத இடத்தில், நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவராயின், பெருங்குடலையும் பார்க்கவேண்டும். தைவானில் செய்த ஆய்வுகள் ஈரலில் சீழ்க்கட்டி வந்தவர்களிடம் பின்னர் பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாகக் கண்டறியப்பட்டதைக் காட்டின. குடலுக்குரிய ஒட்சிசன் விரும்பாப் பக்டீரியாக்கள் வளர்ந்தாலும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவது சாத்தியம் ஒன்றும் இந்த மண்ணில் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பக்டீரியாவால் வரும் மெலியோயிடோசிஸ் இலங்கையில் 1927இலேயே பதிவானது. பிறகு பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்து, இந்த நூற்றாண்டில்தான் நாட்டில் பரவலாக இருப்பது மீண்டும் தெரியவந்தது. கட்டுக்கரைக்குளத்து வயல்களில் மழைக்காலத்தில் இறங்கும் நீரிழிவு நோயாளியிடம் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தால் அதை நினைக்கவேண்டும். பரிசோதனைக்கூடம் அதைச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ அசுத்தம் என்றோ தள்ளிவிட இடமுண்டு. வழக்கமான செஃப்ட்ரையக்சோன் அதற்குப் போதாது. செஃப்டசிடிமோ மெரோபெனமோ குறைந்தது இரண்டு கிழமை நாளத்தில் ஏறவேண்டும், அதன் பின் கோட்ரைமொக்சசோல் மாதக்கணக்கில் வாயால் போகவேண்டும். நீரிழிவும் புற்றுநோய் மருந்தும் ஒருவரிடம் சேர்ந்தால் இந்தக் கிருமிக்கு வழி இன்னும் அகலும்.

தொற்றின் பின்னால் புற்றுநோய் ஒளிவது போலவே, தொற்று புற்றுநோயின் வேடம் போடுவதும் உண்டு. குருட்டுக்குடலில் அமீபா உண்டாக்கும் தடிப்பு, ஸ்கானிலும் கமராவிலும் அசல் புற்றுநோய்போலவே தெரியும். சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் வரும் காசநோயும் அப்படித்தான்: மெலிவு, இரவு வியர்வை, வலது கீழ்வயிற்றில் கட்டி. திசுத்துண்டு எடுக்காமல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. காசநோய் மருந்தை ‘போட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்கி ஆறு மாதம் ஓட்டுவதும் அதே பிழைதான். எடுத்த திசுவில் ஒன்று நோயியல் பரிசோதனைக்கும், இன்னொன்று கிருமி வளர்ப்புக்கும் போகவேண்டும். எல்லாவற்றையும் ஃபோர்மலின் போத்தலுக்குள் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்க்க எதுவும் மிஞ்சாது. இந்தச் சின்னத் தவறு எந்த வைத்தியசாலையிலும் நடக்கக்கூடியது.

காய்ச்சல் இல்லாத வழமையான வருகையையும் விட்டுவிடக்கூடாது. அங்கே பெரிய எதிரி ‘மூலம்’ என்ற சொல். மலத்தோடு குருதி போகிறது என்று வாய் திறக்கவே பலருக்கு மாதங்கள் ஆகும். திறந்ததும் மூலவியாதி என்று யாரோ ஒருவர் பெயர் வைத்துவிடுவார், அந்தப் பெயரோடு வருடங்கள் போகும். பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் பஸ் ஏறி ஓபிடிக்கு வரும் ஒருவரைக் கட்டிலில் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, கையுறை போட்டு விரலால் மலக்குடலைப் பார்ப்பதற்கு ஒரு திரைச்சீலையும் இரண்டு நிமிடமும் போதும். மலக்குடல் புற்றுநோயில் ஒரு கணிசமான பங்கு விரலுக்கே எட்டும். ஆள் நெருக்கடி, வெட்கம், பெண் நோயாளியாயின் துணைக்கு நிற்கத் தாதி இல்லாமை ஆகியவற்றால் அது தள்ளிப்போடப்படுகிறது. பெண் தாதி ஒருவரை அருகில் நிற்கச்செய்து, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் மறுப்பவர் குறைவு. மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அதற்கு மேலே வேறொன்று இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

குருதிச்சோகையும் அப்படியே. இரும்புச்சத்துக் குறைந்த வயதான ஆணுக்குப் பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் கொடுத்து அனுப்புவது பழைய வழக்கம். கொக்கிப்புழு ஒரு காலத்தில் அந்த வழக்கத்துக்கு நியாயம் தந்தது. குருட்டுக்குடல் பக்கத்துப் புற்றுநோய் சத்தமில்லாமல் குருதியை இழக்கச்செய்யும் என்பதால், குளிசையால் ஹீமோகுளோபின் ஏறினாலும் தேடலை நிறுத்தக்கூடாது. நாற்பதைக் கடந்தவருக்கு முதன்முதலாக வரும் குடல்வால் அழற்சிக்கும் இதே எச்சரிக்கை. குருட்டுக்குடலில் உள்ள கட்டி குடல்வாலின் வாயை அடைத்தும் அந்த அழற்சியை உண்டாக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லியால் ஆறிப்போன குடல்வால் சீழ்க்கட்டி இந்த வயதில் முடிந்துபோன கதை ஆகாது. இலங்கையில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆண்களிடமும் பெண்களிடமும் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களுக்குள் வருகிறது. ஆகவே இது அபூர்வத்தைத் தேடும் விளையாட்டன்று.

கிருமி புற்றுநோய்க்குக் காரணமா, அல்லது புற்றுநோய் வந்த இடத்தில் குடியேறிய விருந்தாளியா என்பது வேறு கேள்வி. மன்னார்க் கடலுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக்கு அப்பால் உள்ள முத்துச்சிப்பிப் பார்களை ஆராய 1902இல் ஹேர்ட்மன் என்ற பிரித்தானிய விலங்கியலாளர் வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணை. 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த ஹேர்ட்மனின் அறிக்கை, முத்தின் நடுவே நாடாப்புழுவின் குடம்பி இருப்பதாகவும் அதைச் சுற்றியே சிப்பி முத்தைக் கட்டுவதாகவும் வாதிட்டது. அழகான கருத்து, தொற்று இல்லாவிட்டால் முத்தே இல்லை என்று ஆகிவிடும். பின்வந்தவர்கள் முத்துகளை அறுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அந்தப் புழுவைக் காணவில்லை. சிப்பிக்குள் புழு இருந்தது உண்மை. எல்லா முத்தையும் அது உண்டாக்கியது என்பது நிலைக்கவில்லை. கட்டிக்குள் பக்டீரியாவைக் காணும் ஒவ்வொரு கட்டுரையையும் இதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்று கனடாவின் வான்கூவரில், மற்றது அமெரிக்காவின் பொஸ்டனில் மத்தியூ மெயர்சன் என்ற புற்றுநோய் ஆய்வாளரின் தலைமையில், பெருங்குடற் கட்டிகளின் மரபணுச் சுவடுகளைத் துருவியபோது பியூசோபக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற கிருமி மிகுந்திருக்கக் கண்டன. அது பல்லிடுக்கிலும் ஈறிலும் வாழும் வாய்க் கிருமி. குடற்கட்டிக்குள் அதற்கு என்ன வேலை என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. 2017இல் மெயர்சனின் ஆய்வுகூடத்திலிருந்து சூசன் புல்மனும் உடன் ஆய்வாளரும் மேலும் ஒரு படி போனார்கள். பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டியிலும் அதே கிருமி உயிரோடு கூடப் போயிருந்தது. மனிதக் கட்டியை எலிகளில் வளர்த்து மெட்ரோனிடசோல் கொடுத்தபோது கிருமியும் குறைந்தது, கட்டியின் வளர்ச்சியும் தளர்ந்தது. 2024இல் வெளியான ஆய்வு இந்தக் கிருமியின் ஒரு கிளைதான் கட்டிகளில் அதிகம் இருப்பதாகக் காட்டியது.

காரணம் என்ற பக்கத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கோலிபக்டின். ஈ. கோலை பக்டீரியாவின் சில வகைகள் சுரக்கும் இந்த நஞ்சு மனித உயிரணுவின் மரபணு இழையைச் சிதைக்கும் என்பது 2006இல் தெரியவந்தது. 2020இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு, ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதக் குடல் உறுப்புத்துளிகளில் இந்தப் பக்டீரியாவை மாதக்கணக்கில் விட்டு, அது மரபணுவில் பதிக்கும் தனித்த முத்திரையைப் படித்தது. அதே முத்திரை நோயாளிகளின் கட்டிகளிலும் இருந்தது. 11 நாடுகளின் 981 கட்டிகளை ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வு, எழுபதைக் கடந்த நோயாளிகளைவிட நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் கோலிபக்டின் முத்திரை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக இருப்பதைச் சொன்னது. சிறுவயதிலேயே அந்தப் பதிவு விழுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இளவயதில் பெருங்குடல் புற்றுநோய் உலகெங்கும் பெருகுவதற்கு இது ஒரு விளக்கமாகலாம். முழு விளக்கம் என்று எடுத்துக்கொள்ள இன்னும் காலம் வரவில்லை.

கலோலிட்டிகஸின் கதை எதிர்த்திசையில் போகிறது. கட்டி உருவானதும் குடலில் பித்த அமிலங்களின் அளவு மாறி, அந்த மாற்றத்தால் இந்தக் கிருமியின் நச்சு வலுப்பெற்று, பக்கத்தில் வாழும் மற்றப் பக்டீரியாக்களைக் கொன்று தனக்கு இடம்பிடிக்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். அதாவது இங்கே கட்டி முதல், கிருமி பின். வார்டில் இருக்கும் வைத்தியருக்கு இந்த வாதத்தின் முடிவு தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. கிருமி காரணமானாலும் விளைவானாலும் கொலொனோஸ்கோபி செய்யவேண்டியதே.

வயிற்றுப் புண்ணில் நடந்தது இங்கும் நடந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. ஹெலிகோபக்டர் பைலோரியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. அதைக் கண்டறிந்த பரி மார்ஷலும் ரொபின் வோரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பெருங்குடலுக்கு அப்படியொரு பக்டீரியாத் தீர்ப்பு வரவில்லை. ஆகவே எலியில் வேலைசெய்த மெட்ரோனிடசோலைப் பெருங்குடல் புற்றுநோய் நோயாளிக்கு எழுதுவதற்கு ஆதாரம் கிடையாது. ஏற்கெனவே வயிற்றோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே கை அந்த மருந்தின் பெயரை எழுதிவிடுகிறது. நீண்ட காலம் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவர்களிடம் குடல் முளைகள் கூடுதலாக இருந்ததைக் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன.

புற்றுநோய் உறுதியான பிறகு தொற்று வேறு முகத்தோடு வரும். சத்திரசிகிச்சையில் முதல் ஆபத்து, வெட்டித் தைத்த குடல் கசிவது. அது பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் நடக்கும், சில வேளை நோயாளி வீட்டுக்குப் போன பின். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அறுவை முடிந்து மன்னாருக்குத் திரும்பியவர் வயிற்று உப்புசம், இருதயத் துடிப்புக் கூடுதல், லேசான காய்ச்சல் என்று வந்தால், கசிவு இல்லை என்று நிரூபிக்கும்வரை அதைக் கசிவென்றே எடுத்துக்கொள்ளவேண்டும். ஓபிடியில் வாயுத் தொல்லைக் குளிசையோடு அனுப்பிவைப்பது பெரும் பிழை.

கீமோதெரபிக்குப் பின் வரும் காய்ச்சலில் நேரமே மருந்து. தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் சிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் மிகவும் தாழும். அந்த எண்ணிக்கை ஒரு கன மில்லிமீற்றரில் 500க்குக் கீழே இறங்கிய நிலையில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் நின்றால், குருதியை வளர்ப்புக்கு எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பைபரசிலின்-டசோபக்டம் போன்ற பரந்த நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் ஊசி போயிருக்கவேண்டும். எண்ணிக்கை அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது தவறு. சீழ் உண்டாக்கப் போதிய வெள்ளணு இல்லாததால் இந்த நோயாளியிடம் சீழ் இருக்காது, தொண்டையும் நெஞ்சும் சுத்தமாகத் தெரியும். மலக்குடலை விரலால் பார்ப்பதும் அங்கே வெப்பமானி வைப்பதும் இந்த ஒரு வேளையில் மட்டும் கூடாது. மேலே அவ்வளவு வலியுறுத்தப்பட்ட பரிசோதனை இங்கே தீங்கு என்பதை இளம் வைத்தியர் மனதில் பதித்துக்கொள்ளவேண்டும்.

மன்னாரில் அந்த ஒரு மணித்தியாலத்தை விழுங்குபவை இரண்டு: தூரமும் பனடோலும். வடக்கின் புற்றுநோய்ச் சிகிச்சை தெல்லிப்பளையில் நடக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழி சுருங்கினாலும் மன்னாரிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். மகரகம அபெக்ஷா வைத்தியசாலை முந்நூறுக்கு அப்பால். காய்ச்சல் வந்தால் ‘கிளினிக் நாளுக்குக் காட்டுவோம்’ என்று பொறுத்திருக்கும் நோயாளி பனடோலை ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்றாக விழுங்கி வெப்பத்தை அமுக்கிவைப்பார். கீமோ எடுத்தவர் எவரும் காய்ச்சலுக்குப் பனடோல் போடுமுன் வெப்பமானி வைத்துப் பார்க்கவேண்டும், தெல்லிப்பளைக்குப் போகாமல் கிட்டிய வைத்தியசாலைக்கே வரவேண்டும் என்று நோயாளியிடமும் வீட்டில் சமைப்பவரிடமும் சொல்லிவைக்கவேண்டும். கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் அதைத் தமிழில் பெரிதாக எழுதினால், இரவில் கடமையில் இருக்கும் தாதிக்கும் அது பயன்படும்.

இந்தக் கரையின் சொந்தக் காய்ச்சல்கள் கணக்கைக் குழப்பும். மாரி மழையில் டெங்கு வெள்ளணுவையும் குருதிச் சிறுதட்டையும் இறக்கும். கீமோவும் அதையே செய்யும். எது என்று தெரியாத முதல் இரவில் நியூட்ரோபில் குறைந்த காய்ச்சலுக்குரிய ஊசியைத் தொடங்கி, டெங்குக்குரிய நீர்க்கணக்கையும் கூடவே பார்ப்பதே பாதுகாப்பு. எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் வடக்கில் உண்டு. உண்ணிக்காய்ச்சலின் கருகிய கடித்தழும்பு இடுப்புப் பட்டியின் கீழும் அக்குளிலும் ஒளிந்திருக்கும். மலேரியா இலங்கையில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு முடிவில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலஸ் ஸ்டெஃபென்சி நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவரின் காய்ச்சலில் மலேரியாப் பரிசோதனையைத் தவிர்க்க இங்கே யாருக்கும் உரிமையில்லை.

கடலும் ஒரு வாசல். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற உவர்நீர்ப் பக்டீரியா மீன்முள் குத்திய சிறு துளையால் நுழைந்து, ஈரல் கெட்டவரிடமும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடமும் ஒரே நாளில் காலில் குருதிக் கொப்புளங்களை எழுப்பிவிடும். டொக்சிசைக்கிளினும் செஃப்ட்ரையக்சோனும் சேர்ந்து உடனே போகவேண்டும், சத்திரசிகிச்சை நிபுணரும் உடனே பார்க்கவேண்டும். பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் ஒக்சாலிபிளாட்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் என்பது இதோடு சேர்த்து நினைக்கவேண்டியது. வலை பிரிக்கும் கை முள் குத்தியதை உணராது. மருந்து ஏறிய மீனவரின் கைகளைப் புரட்டிப் பார்ப்பது வெறும் மரியாதைச் செயல் இல்லை.

வேறு சில கிருமிகளுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கீமோ தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி பார்க்கவேண்டும், உறங்கும் வைரசு சிகிச்சையில் விழித்துக்கொள்ளும். வெறுங்காலில் மண்ணில் திரிந்தவரிடம் ஸ்ட்ரொங்கிலோயிட்ஸ் புழு ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்து, வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனுக்குப் பின் உடலெங்கும் பரவக்கூடும். காரணம் தெரியாத ஈயோசினோபில் ஏற்றம் பழைய அறிக்கைகளில் இருந்தால் ஸ்டீரொயிட்டுக்கு முன்பே அதைத் தேடவேண்டும். வீட்டில் கபெசிட்டபின் குளிசை எடுப்பவருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது மருந்தாலா கிருமியாலா என்று ஆராயுமுன் குளிசையை நிறுத்தவேண்டும். அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்திருந்தால் குளோஸ்ட்ரிடியோயிட்ஸ் டிஃபிசிலுக்கும் மலத்தைச் சோதிக்கவேண்டும்.

ஆய்வு என்பது பெரிய நகரத்தின் வேலை என்று எண்ணவேண்டியதில்லை. கிளைன் 1977இல் செய்தது எண்ணிப் பார்த்ததுதான். மன்னாரில் நாற்பது வயதைக் கடந்தவரின் குருதியிலோ ஈரல் சீழிலோ குடற்கிருமி வளரும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவைக்கலாம்: வயது, ஆணா பெண்ணா, எந்த இனக் கிருமி, கள்ளோ சாராயமோ, நீரிழிவு உண்டா, கொலொனோஸ்கோபிக்கு அனுப்பப்பட்டாரா, போனாரா, என்ன கண்டார்கள். ‘போனாரா’ என்ற நிரல்தான் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அதை நிரப்பக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கிராம மட்டத்து சுகாதார ஊழியரிடமும் கேட்கவேண்டியிருக்கும். நோயாளியின் பெயர் அந்தக் கொப்பியில் இருக்கக்கூடாது. வெளியிடும் எண்ணம் இருந்தால் முதல் வரியை எழுதுமுன்பே பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஒன்றின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுக்கவேண்டும், முடிந்த பின் கேட்டால் தரமாட்டார்கள். இடமாற்றம் வரும்போது கொப்பி வார்டிலேயே இருக்கவேண்டும், அடுத்து வருபவர் அதே நிரல்களில் தொடர்வார்.